கண் கொட்டாமல் கவனிக்கவும்

நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி அது. அதைத் தயாரிக்கும் நிறுவனத்தில் அவள் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். கருவி எப்படியெல்லாம் கழுத்தறுக்கும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். சொன்னால் யாருக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் தரப் பிரிவுத் தலைவரிடம் சொன்னாள்.

"சார், பேட்டரி தீர்ந்தா இது சத்தமே போடாம நின்னுடுது. மருந்து போகலைன்னு யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன மணி வச்சாப் போதும்."

"மணி வச்சா டிசைன் மாறும். மாறினா மறுபடி அனுமதி வாங்கணும். கையேட்டுல ஒரு வரி எழுதிடும்மா. எழுதிட்டா அபாயம் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

"எழுதினது பேட்டரிக்குத் தெரியுமா சார்?"

"அதுக்கு எதுக்குத் தெரியணும்? தணிக்கைக்கு வர்றவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவள் எழுதினாள்: 'நோயாளியின் உறவினர் கருவியைக் கண் கொட்டாமல் கவனிக்கவும்.' மேன்மைதங்கிய ஆய்வுக் குழு கூடி, டீ குடித்து, அபாயத்தை ஏகமனதாகக் குறைத்தது.

இந்த வைத்தியம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. திருகாணி கழன்றதா, ஒரு வரி. திரை மங்கியதா, ஒரு வரி. கையேடு தலையணை அளவுக்குப் பருத்து, ஒருநாள் ஆஸ்பத்திரி மேசையிலிருந்து நழுவி ஒரு நர்ஸின் காலைப் பதம் பார்த்தது. குழு உடனே கூடி, 'இக்கையேடு கனமானது' என்று கையேட்டிலேயே சேர்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு அவள் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டிலருகே அதே கருவி. நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மெஷினையே பாத்துக்கிட்டு இருங்க மேடம். விளக்கு அணைஞ்சா ஓடி வந்து சொல்லுங்க."

"அது உங்க வேலை இல்லையா?"

"உறவினர்தான் பாக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கே. நாங்க விதிப்படிதான் நடப்போம்."

உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அப்பா மெல்லக் கேட்டார். "என்னம்மா, கண்ணு முழிச்சதிலேருந்து பாக்குறேன், என் முகத்தைப் பாக்காம அந்தப் பெட்டியையே பாக்குற?"

"பேசாம படுங்கப்பா. கண்ணை எடுக்கக் கூடாது."

வார்டு முழுக்க அப்படித்தான். கட்டிலுக்கு ஒருவர், பெட்டியை முறைத்தபடி. பக்கத்துக் கட்டிலில் மனைவிக்குக் காவல் இருந்தவர் தரப் பிரிவுத் தலைவர். முகத்தைத் திருப்பாமலே பெருமையாகச் சொன்னார்.

"பாத்தியாம்மா, இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரலை."

புகார்ப் பெட்டி வாசல் பக்கம்தான் இருந்தது. எழுந்து போகத்தான் ஆளில்லை.