ரசமட்டம் செய்த சோடா ஜெல்லி

கண்ணாடிக் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் உற்றுப் பார்த்தார் ரசமட்டம். ஆரஞ்சு நிறத்தில் ஜெல்லி ஜம்மென்று உறைந்திருந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் குமிழி? மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

"சோடா ஜெல்லி கேட்டேன். ஜெல்லி இருக்கு. சோடா எங்கங்க?" என்றாள் மனைவி. வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கூடத்து நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"ஒரு பாட்டில் முழுசா ஊத்தினேனே!"

"ஊத்தினீங்க, சரி. குமிழியெல்லாம் எங்க போச்சு?"

அதுதான் அவருக்கும் புரியவில்லை.

ரசமட்டம் என்பது அவருடைய பெயர் இல்லை. அவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. ஒவ்வொரு கல்லைப் பதித்ததும், கண்ணாடிக் குழாய்க்குள் ஒற்றைக் குமிழி ஓடுகிற அந்த ரசமட்டக் கோலை வைத்துப் பார்ப்பார். குமிழி நட்டநடுவில் வந்து நின்றால்தான் அடுத்த கல். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவார். காய்ச்சல் வந்தாலும் போவார். தங்கையின் கல்யாணத்தன்று சாப்பிடாமலே சைட்டுக்குக் கிளம்பியவர் என்று ஒரு பேச்சு உண்டு. "சுத்தப் பொய். சாப்பிட்டுட்டுத்தான் போனேன்" என்று அவரே மறுப்பார்.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நான்கு நாட்களுக்கு முன் வேனின் படியில் கால் சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. ஒரே மகன் வெளியூர் விடுதியில் படிக்கிறான். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். கான்ட்ராக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு அன்று காலையில்தான் வந்து நின்றார் ரசமட்டம்.

"உனக்கு ஏதாவது வேணுமா?" என்று ஒப்புக்குத்தான் கேட்டார்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆஸ்பத்திரி கேன்டீன்ல சோடா ஜெல்லி வச்சிருந்தாங்க. உள்ள குமிழியெல்லாம் அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. அந்த மாதிரி ஒண்ணு நீங்களே செஞ்சு குடுப்பீங்களா?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதே கிடையாது. புடவை கேட்டதில்லை, சினிமா கேட்டதில்லை. கேட்டிருப்பது ஒரு கிண்ணம் ஜெல்லி. ரசமட்டம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இவ்வளவுதானே! தொட்டி தொட்டியா கலவை போடறவனுக்கு ஒரு கிண்ணம் கலக்கத் தெரியாதா? உன் கையில அதைக் குடுத்துட்டுத்தான் இனி வேலைக்குப் போவேன். இது சத்தியம்!"

ஆழம் தெரியாமல் காலை விட்டார் மனுஷன்.

முதல் முயற்சி ஏன் அப்படி ஆனது என்று அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, நாம் தெரிந்துகொள்ளலாம். சிமென்ட் கலவையை ஊற்றினால் உள்ளே காற்று தங்கக் கூடாது. தங்கினால் நாளைக்கு அந்தக் கல் மேல் நடக்கும்போது டொக்கு டொக்கு என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஊற்றிய கையோடு தட்டித் தட்டிக் காற்றை விரட்டுவது இருபது வருஷப் பழக்கம். ஜெல்லிக் கிண்ணத்தையும் அதே மாதிரி சுற்றிச் சுற்றித் தட்டி, ஒரு குமிழி பாக்கியில்லாமல் துரத்திவிட்டுத்தான் ஃப்ரிட்ஜில் வைத்தார். தட்டியது அவருக்குத் தெரியாது. கை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது.

"என் தோழி ஓட்டல்ல இனிப்புப் பிரிவுல இருக்கா இல்ல, அவகிட்ட கேட்டு வச்சிருக்கேன்" என்றாள் மனைவி. "பச்சை அன்னாசிப் பழத்தை நறுக்கிப் போடணுமாம். ஜெலட்டின் தூளை நல்லா தளதளன்னு கால் மணி நேரம் கொதிக்க விடணுமாம்."

"ஓட்டல்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்னாசி வாங்கி வந்தார். அளவு நாடா வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டினார். தூளைக் கொதிக்கவிட்டார், அன்னாசியைப் போட்டார், சோடாவை ஊற்றினார், தட்டினார், ஃப்ரிட்ஜில் வைத்தார். மறுநாள் காலையில் பல்கூட விளக்காமல் போய்த் திறந்து பார்த்தார்.

தண்ணீர்.

கிண்ணத்தைச் சாய்த்தார். வலப்பக்கம் ஓடியது. இந்தப் பக்கம் சாய்த்தார். இடப்பக்கம் ஓடியது. பன்னிரண்டு மணி நேரமாகியும் உறையாத ஒரு கலவையை அவர் தொழிலில் கண்டதில்லை. சிமென்ட் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கொஞ்சமாவது பிடித்திருக்கும். இதுவோ நேற்று ஊற்றியது போலவே துள்ளிக்கொண்டிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு மரியாதைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டரின் போன்.

"யோவ் மேஸ்திரி, ஒரு நாள்னு சொன்னே. பெரிய கூடம் பாதியில நிக்குது. வீட்டுக்காரர் வந்து குதிக்கிறார். எங்கய்யா இருக்கே?"

"வீட்லதான் சார். ஜெல்லி இன்னும் உறையல."

"ஜல்லியா? டைல்ஸ் வேலைக்கு எதுக்குய்யா ஜல்லி?"

"ஜல்லி இல்ல சார், ஜெல்லி. திங்கறது."

"நீ நல்லாத்தானே இருக்கே?" என்று கான்ட்ராக்டர் உண்மையான கவலையோடு கேட்டார்.

போனை வைத்துவிட்டு ரசமட்டம் முடிவு செய்தார். கலவை பிடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? சிமென்ட் போதவில்லை. தூளை இரண்டு மடங்காக்கினார். அன்னாசியையும் இரண்டு மடங்காக்கினார், ஓட்டல்காரி சொன்னதாயிற்றே.

"குமிழி நிறைய வரணும்னா இன்னொரு விஷயம் சொன்னா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி நல்லா குலுக்கணுமாம்."

"எவ்வளவு நேரம்?"

"கை வலிக்கிற வரைக்கும்."

இருபது வருஷமாகக் கலவை கிளறிய கை. அது அவ்வளவு சீக்கிரம் வலிக்குமா? மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று கிளம்பியது பாருங்கள், கூரைக்கே போய் மோதி, மின்விசிறியில் பட்டு, நான்கு சுவரிலும் ஆரஞ்சு மழை! ரசமட்டம் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றார். பாட்டிலில் மிச்சம் இரண்டு வாய் இருந்தது.

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். முதலில் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டுப் போட்ட கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள்.

"மூக்கு நுனியில சொட்டுதுங்க!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க ஏணி போட்டுக் கூரையைத் துடைத்தார். அவள் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அங்க ஒரு சொட்டு, இங்க ஒரு சொட்டு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே வேனில் வருகிற பிள்ளைகளின் கதையெல்லாம் சொன்னாள். தினமும் ஒரு பொடியன் ஏறினவுடனே, "ஆன்ட்டி, இன்னைக்காவது அந்த லாரியை முந்துங்க" என்பானாம். ரசமட்டம் ஏணியிலேயே உட்கார்ந்து கேட்டார். இவளுக்கு இத்தனை கதை தெரியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

மிச்சச் சோடாவோடு இன்னொரு பாட்டிலும் சேர்த்து ஊற்றி வைத்த இரட்டை மடங்குக் கலவை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மூன்றாம் நாள் காலையிலும் தண்ணீர்தான். அன்னாசித் துண்டுகள் அதில் நீச்சல் அடித்துக்கொண்டிருந்தன.

"என் கையில ஏதோ கோளாறு" என்று ரசமட்டம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "பதினாறு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு கேட்டே. அதைக்கூட என்னால குடுக்க முடியல பாரு."

"பரவாயில்லீங்க. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு" என்றாள் அவள், ரொம்ப ஆறுதலாக. பிறகு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அடுப்படியில் ரசமட்டம் தனியாக நின்றார். அன்னாசி தீர்ந்துவிட்டது. யோசனை கேட்க ஆள் இல்லை. ஜெலட்டின் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. சிமென்ட் மூட்டையில் எழுதியிருப்பதை எந்த மேஸ்திரி படிப்பான்? அவரும் இரண்டு நாளாகப் படிக்கவில்லை. இப்போது படித்தார். தூளைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிடு. கொஞ்சம் சுடுதண்ணீரில் கரை. ஆறவிடு. ஜில்லென்ற சோடாவைப் பக்கவாட்டில் மெதுவாக ஊற்று. அவ்வளவுதான்.

வலது கையால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"நாளைக்குக் காலையில நீ சைட்ல இல்லேன்னா வேற மேஸ்திரியைப் பார்த்துக்கறேன்" என்று ஆரம்பித்தார் கான்ட்ராக்டர். நிறுத்தவே இல்லை. நன்றி என்றார், விசுவாசம் என்றார், தன் அப்பா காலத்து மேஸ்திரிகளின் பெருமையையெல்லாம் சொன்னார். ரசமட்டம் ஒரு கையில் போனும் மறு கையில் கிண்ணமுமாக நின்று, "சரிங்க சார், சரிங்க சார்" என்றபடியே முழங்கையால் ஃப்ரிட்ஜைத் திறந்து கிண்ணத்தை உள்ளே வைத்து, இடுப்பால் கதவைச் சாத்தினார். தட்டுவதற்கு அவரிடம் மூன்றாவது கை இல்லை.

நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தார்.

கிண்ணத்தைச் சாய்த்தார். அசையவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார்.

அடேயப்பா!

உள்ளே நூற்றுக்கணக்கில் குமிழிகள். கடுகளவு சில, அதைவிடப் பொடியாகப் பல. எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது யாரோ "நில்" என்று சொன்னது போல, அந்தந்த இடத்திலேயே நின்றிருந்தன. வெயில் பட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம். ஆயுள் முழுக்க ஒரே ஒரு குமிழியை நடுவில் நிறுத்துவதற்குப் போராடியவர் அவர். அது இம்மி நகர்ந்தாலும் கல்லைப் பெயர்த்திருக்கிறார். இங்கே இத்தனையும் தாமாகவே நிற்கின்றன. காற்றைப் பிடித்து நிறுத்த முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். இப்போது சிரிக்கத் தோன்றவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துக் கும்பிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"இங்க பாரு! எழுந்து வந்து பாரேன்!"

மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். பார்த்தாள். அவளுக்கும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. இடது கையால் கிண்ணத்தை வாங்கி முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு! நீங்களா செஞ்சீங்க?"

"நானேதான்! இந்தக் கையாலதான்!"

"அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றாள் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. ஆனந்தம் தாங்காமல்தான் என்று ரசமட்டத்துக்கு நெஞ்சு விம்மியது.

"நாளைக்கு நிம்மதியா வேலைக்குப் போவேன்" என்றார் பெருமையாக.

அவள் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நாக்குல சுருக்சுருக்குன்னு குத்துது" என்றாள். அவருக்கும் ஒரு கரண்டி ஊட்டினாள். இத்தனை மணி நேரம் உள்ளே அடைந்து கிடந்த சோடா, பல் பட்டவுடன் விழித்துக்கொண்டு மூக்கு வரைக்கும் ஏறியது. ரசமட்டம் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது வாசல் மணி அடித்தது. ஒரு பை நிறையப் பழங்களோடு நின்றது, அந்த ஓட்டல் தோழியேதான். கை எப்படி இருக்கிறது என்று பார்த்துப்போக வந்திருந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, யாரு செஞ்சது இது? எங்க ஓட்டல்ல ஆறு பேர் இருக்கோம், ஒருத்தருக்கும் இவ்வளவு குமிழி நின்னது கிடையாது!"

ரசமட்டத்துக்குப் பெருமை ஒரு பக்கம். ஆனால் இரண்டு நாள் கோபமும் சேர்ந்துகொண்டது.

"தப்பா நினைக்காதம்மா. உன் யோசனையைக் கேட்டுத்தான் நான் கெட்டேன். அன்னாசி போடச் சொன்னே, உறையல. கால் மணி நேரம் கொதிக்க விடச் சொன்னே, உறையல. பாட்டிலைக் குலுக்கச் சொன்னே, கூரையைப் போய்ப் பாரு! ஜெல்லி உறையறதுக்கு இப்படியா வழி சொல்றது?"

மனைவி அவசரமாகத் தோழியின் புடவையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் தோழி அதற்குள் வாயைத் திறந்துவிட்டாள்.

"உறையறதுக்கா? அண்ணா, என்ன பண்ணினா உறையாதுன்னுதானே அவ என்கிட்ட கேட்டா, உறைஞ்சுட்டா மறுநாளே நீங்க வேலைக்குக் கிளம்பிடுவீங்கன்னு!"