சின்ன மாப்பிள்ளை காலமான விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடலளவில் சௌக்கியம். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குறிப்பாக நீங்கள். ஏனென்றால், நேற்று காலை முதல் எங்கள் தெருவில் நீங்கள் உயிரோடு இல்லை.

பதற வேண்டாம். போனது மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன். கோட்டு மாட்டிய மணமகன்போல மிடுக்காக நீந்துகிறது என்று உங்கள் அத்தை அதற்குச் 'சின்ன மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தாள். அது பக்கவாட்டில் மிதப்பதைப் பார்த்து, "ஐயோ, சின்ன மாப்பிள்ளை போயிட்டாரே!" என்று அவள் போட்ட சத்தத்தில் 'சின்ன' மட்டும் தெருவுக்குக் கேட்கவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே மாப்பிள்ளை. எதிர்வீட்டுத் தபால்காரர் விவரம் கேட்க உங்கள் அலுவலகத்துக்கே போன் போட, நீங்களே எடுத்து "ஹலோ, யாரு பேசறது?" என்றீர்களாம். பதில் சொல்லாமல் வைத்தவர் அவர்தான். செத்தவர் குரல் என்று பயந்து படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இனி குற்றத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். நான் பணி ஓய்வு பெற்ற அன்று நீங்கள் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, உப்பெல்லாம் கலந்து, "மாமா, ஆறு வாரத்துக்கு மீன் விடாதீங்க, தண்ணி பக்குவப்படணும்" என்றீர்கள். குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் குளோரின் போட்டவனுக்குத் தண்ணீரைப் பற்றி மாப்பிள்ளை பாடம் எடுக்கிறாரே என்று சுருக்கென்றது. மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன். பத்தாம் நாள் பார்த்தால் கல்லெல்லாம் பழுப்பு, கண்ணாடியில் வழவழப்பு. என் நிலையத்தில் இப்படி இருந்திருந்தால் மெமோ பறந்திருக்கும். விடுவேனா? தண்ணீரைக் கொட்டி, கல், மணல், வடிகட்டும் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, தேய் தேயென்று தேய்த்து, ஏழு முறை அலசி, வெயிலில் காயவைத்து, புதிதாக உப்புத்தண்ணீர் நிரப்பி, மறுநாளே மீன் வாங்கப் போய்விட்டேன்.

"தொட்டி வச்சு எவ்வளவு நாள் ஆச்சு சார்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு மாசம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"பையோட மிதக்க விடுங்க. உங்க தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா பையில விட்டுப் பழக்குங்க. ஒரு மணி நேரமாவது ஆகணும்" என்றார். உங்கள் அத்தை போட்டோ எடுக்கக் காத்திருந்தாள், தொபுக்கென்று கவிழ்த்துவிட்டேன். முதல் நாள் ராஜாவாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. "பசிக்குது பாவம்" என்று அத்தை தீனியைக் கொட்ட, அது தின்னாமல் அடியில் கிடந்து அழுகியது. மூன்றாம் நாள் துடுப்பை மடக்கிக்கொண்டு, மேலே வந்து வாயைப் பிளந்தபடி நின்றது. நாலாம் நாள்தான் நேற்று.

நோய் மீனை என் தலையில் கட்டிவிட்டான் என்று கொதித்துப்போய், தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் கொஞ்சம் தண்ணீரைக் குழாயில் ஊற்றி நாலு சொட்டு மருந்து விட்டார். கரும்பச்சையாகிவிட்டது.

"அம்மோனியா சார். மீனோட கழிவுல வர்ற விஷம். அதைத் தின்னு தீர்க்கிற கிருமி கல்லுலயும் ஸ்பாஞ்சுலயும் மெதுவாத்தான் வளரும். உங்க தொட்டியில ஒண்ணுகூட இல்லியே! யாராச்சும் மொத்தமா கொன்னுட்டாங்களா?"

மாப்பிள்ளை, கிருமி இருந்தால் சாவார்கள் என்று முப்பத்தொரு வருஷம் ஓர் ஊரையே காப்பாற்றியவன் நான். கிருமி இல்லாமல் ஓர் உயிர் சாகுமா? சாகுமாம். நாற்காலி இல்லாததால் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். "ரெண்டு மாசம்னு பொய் சொன்னேம்ப்பா" என்றேன். அவர் திட்டவில்லை, தண்ணீர் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

ஆக, மீனைக் கொன்றது நோயும் அல்ல, கடைக்காரரும் அல்ல, நீங்கள் கொடுத்த தொட்டியும் அல்ல. நான்தான். யார் கேட்டாலும் இதையே சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் பேச்சைக் கேட்காததற்கு இந்தக் கிழவனை மன்னியுங்கள். நீங்கள் இருவரும் தண்ணீர் நல்லபடியாகக் கிடைக்கும் இடத்தில் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில், போனது மீன்தான் என்று தெரிந்துகொண்ட பக்கத்து வீட்டம்மா வந்து, "மீன் எப்படிப் போச்சு?" என்று விசாரித்தார். உங்கள் அத்தை சற்றும் யோசிக்காமல், "மாப்பிள்ளை குடுத்த தொட்டியில ஏதோ கோளாறு" என்றாள். நானும் கூடத்தில்தான் இருந்தேன். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். தெரு முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த முறை வரும்போது யாராவது கேட்டால், தயவுசெய்து ஒப்புக்கொண்டுவிடுங்கள்.