மூன்று இசக்கியும் பதினோரு நிமிடமும்

கதை எழுதுகிறவனுக்குக் கற்பனை வேண்டும் என்பார்கள். எனக்கு அது மூட்டை மூட்டையாக இருந்தது. பெயர் வைக்கிற இடம் வந்தால் மட்டும் லீவு போட்டுவிடும். அப்படி அது லீவு போட்ட ஒரு நாளில், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையே பதினோரு நிமிடம் நின்றது.

2011. காருக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் நான் டிரெய்னி. டிப்ளமோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவன். வேலை நிரந்தரமா, ஊருக்கு பஸ் ஏறவேண்டியதுதானா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து, பாதுகாப்பு வார விழாவுக்கு நாடகம் எழுத ஆள் தேடினார்கள். நான் கையைத் தூக்கினேன். (அவர்கள் கேட்டு முடிப்பதற்கு முன்பே.) சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணன் பக்கத்து வடக்குப்பட்டுக்காரர். நாடகம் நன்றாக வந்தால் என் கன்பர்மேஷன் ஃபைலில் தானே நாலு வரி எழுதுவதாகச் சொன்னார்.

இரண்டு டீ பிரேக்கில் எழுதி முடித்தேன். கவனமான தொழிலாளி இசக்கிமுத்து. மெஷினில் கையை விடும் அலட்சியக்காரன் இசக்கிராஜா. இருவருக்கும் சூப்பர்வைசர் இசக்கிப்பாண்டி. எங்கள் ஊரில் இசக்கி அம்மன் கோயில் வாசலில் நின்று “இசக்கி” என்றால் பாதித் தெரு திரும்பும். எங்களுக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை.

ஏழுமலை அண்ணன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“இன்னாபா, எவனப் பார்த்தாலும் இசக்கியா கீறான்? ஒருத்தனுக்கு கோபால்னு வெச்சா இன்னா கொறஞ்சுடும்?”

“யதார்த்தம்ணே,” என்றேன். (அந்த வார்த்தையை அப்போதுதான் கற்றிருந்தேன். சாம்பாரில் உப்பு கூடினால்கூட அதைத்தான் சொல்வேன்.)

ஒத்திகையில் எல்லோரும் பேப்பரைப் பார்த்துப் படித்ததால் தப்பித்தோம். விழா நாளன்று கேன்டீன் மேடையில் பேப்பரைப் பிடுங்கியதும் மூவருக்கும் தாங்கள் எந்த இசக்கி என்பதே மறந்துவிட்டது. வசனம் எடுத்துக்கொடுக்க ஓரமாக நின்ற நான் மைக்கில், “இசக்கி, கையை எடு!” என்றேன். மூன்று பேரும் எடுத்தார்கள். “நீ இல்ல, இசக்கி” என்றேன். மூன்று பேரும் திரும்ப வைத்தார்கள். கடைசியில், அடிபடவே கூடாத இசக்கிமுத்து அலறிக்கொண்டு விழுந்தான். பதற்றத்தில் நான் அடுத்த வசனத்துக்குத் தாவினேன்.

“இசக்கிக்கு அடிபட்டாச்சு, ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!”

காலையில் பாதுகாப்பு உறுதிமொழிக்காக அந்த மைக்கை, மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோர் ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். யாரும் அதைக் கழற்றவில்லை.

அங்கே நிஜமாகவே ஒரு இசக்கி இருந்தான். என் ரூம்மேட் இசக்கிதுரை. அந்த நேரம் பார்த்து டாய்லெட் போயிருந்தான். மெஷின் மேல் அவன் கிளவுஸ் மட்டும் கிடந்தது. அதைப் பார்த்ததும் யாரோ உற்பத்தி லைனையே நிறுத்திவிட்டார்கள். முதலுதவிக் குழுவினர் நாலு பேர் ஓடிப்போய், கை கழுவிக்கொண்டிருந்தவனைப் பிடித்தார்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் கதறினான். அதிர்ச்சியில் இருப்பவன் அப்படித்தான் சொல்வான் என்று பயிற்சியில் படித்திருந்தார்களாம். ஸ்ட்ரெச்சரில் கட்டிவிட்டார்கள்.

முதலுதவி அறைக்குக் கேன்டீன் வழியாகத்தான் போகவேண்டும். மேடைக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் வந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேனேஜர் எழுந்து நின்றே தட்டினார். இசக்கிதுரை என்னைப் பார்த்து, “ஏலே, அவுத்து விடச் சொல்லுல” என்றான். அதற்கும் தட்டினார்கள்.

லைன் நின்ற செய்தி பின்னாலேயே வந்தது. மேனேஜர் தட்டுவதை நிறுத்தினார்.

லைன் நின்றால் காரணம் எழுதவேண்டும். வழக்கமாக ‘பொருள் பற்றாக்குறை’ என்று நிரப்பும் கட்டத்தில் ஏழுமலை அண்ணன், ‘பெயர் பற்றாக்குறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபைலில் எனக்காக எழுதுவதாகச் சொன்ன நாலு வரியில் அவர் எழுதியது அந்த ஒன்றுதான்.

நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. நிச்சயமாகியிருந்த கல்யாணமும் கூடவே தள்ளிப்போனது. ஏன் என்று கேட்ட பெண்ணிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கு வரை எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு, காப்பிக்கு முன்னால் அவள் பரிமாறுவது அந்தக் கதைதான்.

மகள் பிறந்தபோது பெயர்ப் பட்டியலோடு போனேன். என் மனைவி அதை வாங்கிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் வீட்டுத் தெருவில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரமாகப் பார்த்து, மாடியிலிருந்து ஒவ்வொரு பெயராகத் தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒரு தலை திரும்பினாலும் அந்தப் பெயரை அடித்துவிட்டாள். ஒன்பதாவது பெயருக்கு ஒருவரும் திரும்பவில்லை. அதையே வைத்தோம்.

இப்போது சாப்பிடக் கூப்பிட்டால் மகளும் திரும்புவதில்லை.