சுத்த சைவ எலும்பு அண்ணாச்சி

ஆட்டின் உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது, அதில் எது நாய்க்கு ஆகும், எது ஆகாது என்று பாளையங்கோட்டையிலேயே முழுதாக அறிந்த மனிதர் ஒருவர்தான். அவர் பிறந்ததிலிருந்து ஒரு முட்டையைக்கூடத் தொட்டதில்லை. சுத்த சைவம். முட்டை போட்ட கேக் என்று தெரிந்தால் பிறந்தநாள் வீட்டுக்கே போகமாட்டார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட, "எலும்பு அண்ணாச்சி வீடு எங்கன இருக்கு?" என்றுதான் எங்கள் தெருமுனையில் கேட்பார்கள். தொழில் பத்திரம் எழுதுவது. வீடு, வயல், தோப்பு எதை விற்றாலும் வாங்கினாலும் நான்கு எல்லையையும் பிசகாமல் எழுதிக் கொடுப்பார்.

இப்படிப்பட்டவர் எலும்பில் இறங்கியதற்குக் காரணம் வைரவன். அது அவர் வளர்த்த நாட்டு நாய். தயிர்ச்சோறு தின்றே வளர்ந்து, விலா தெரிய நின்றது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "எலும்பு ஏதாவது குடுங்க" என்று சொல்லிவிட்டார். எப்படிக் கொடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போய் எலும்பு வாங்கினார். ஆனால் அந்த வீட்டுக்குள் எதுவும் சுத்தமாகத்தான் வர வேண்டும். ஆகவே கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனி குக்கர். எலும்பை ஏழு தண்ணீரில் கழுவி, மஞ்சள்பொடி போட்டு, ஆறு விசில் விட்டு எடுத்தார். வைரவன் ஆனந்தமாகத் தின்றது. மறுநாள் சுருண்டு விழுந்தது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழித்துவிட்டது. வயிற்றைத் திறந்துதான் காப்பாற்றினார்கள். "பச்சையாக் குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது சார்" என்று டாக்டர் சொன்னாராம். பக்திமான் தலையில் இடி இறங்கியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இந்தத் தெருவில் இன்னொரு நாய்க்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதே அவருடைய வாழ்க்கை லட்சியமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கறிக்கடை வாசலில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்பார். எலும்பு கேட்டு வருகிறவர்களை மடக்குவார்.

"நாய்க்கா வே?"

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு நல்லி கேட்டேன்."

"நல்லி வேண்டாம். வட்டமா வெட்டினது கீழ்த்தாடையில போய் மாட்டிக்கிடும். கால் எலும்பு கெட்டி, பல்லு தெறிச்சிரும். நெஞ்செலும்பு சதையோட பெருசா வெட்டச் சொல்லும். அவிச்சிராதீரும்."

ஒருமுறை ஒருவர், "எனக்கு சூப்பு வைக்கத்தான் அண்ணாச்சி" என்றார். "அப்பச் சரி, உம்ம பாடு" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். மனிதர்கள் விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை. எல்லாம் முடிந்ததும் நேரே தாமிரபரணியில் போய் ஒரு முங்கு போட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடுதான் வீடு திரும்புவார்.

வாயால் சொல்லி மாளவில்லை என்று கடைச் சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார். பத்திரம் எழுதிய கை சும்மா இருக்குமா? "இதனால் நாய் வளர்ப்போர் சகலரும் அறிய வேண்டியது யாதெனில், மேற்படி எலும்பானது பச்சையாகவும், நாயின் வாய்க்குள் முழுதாக நுழையாத அளவிலும் இருக்க வேண்டியது. வேகவைத்த, வறுத்த, சுட்ட எலும்பில் நாய்க்கு யாதொரு பாத்தியமும் கிடையாது. வெந்த கோழி எலும்பு முழு வில்லங்கம். நாய் கடிக்கும் நேரம் முழுதும் உரிமையாளர் அருகிலிருந்து, எலும்பு சிறுத்ததும் சுவாதீனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியது. பச்சை எலும்பிலும் ஆபத்து அறவே இல்லை என்பதற்கு எழுதியவர் ஜவாப்தாரி அல்ல."

கறிக்கடை பாய் அதைப் படித்துவிட்டு, "இதுல சாட்சி கையெழுத்து நான் போடணுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி யோசித்துவிட்டு, "போட்டா நல்லதுதான்" என்றார். பாயும் போட்டார்.

தெருவில் ஒரு வீட்டில் காதுகுத்து. கோழி பிரியாணி. அண்ணாச்சி சாப்பிடவில்லை. பின்பக்கம் எச்சில் இலை விழும் இடத்தில் கம்போடு காவல் நின்று, நாய்களை விரட்டிக்கொண்டே எலும்பையெல்லாம் கம்பால் தள்ளிச் சாக்கில் கட்டினார். சமையல்காரர் தூரத்திலிருந்து பார்த்துக் கண்கலங்கி, "பாவம் பெரியவரு, எச்சில் எலும்பப் பொறக்குதாரு. ரெண்டு பார்சல் கட்டிக் குடுங்கலே" என்று ஆளை அனுப்பினார். அன்றைக்கு அண்ணாச்சி ஆற்றில் மூன்று முங்கு போட்டதாகக் கேள்வி.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. 'நாய் எலும்பு தின்னாமல் நூலகத்துக்கா போகும்?' என்று சொல்லித் திரிந்தவன் நான். என் வாய்க்கொழுப்புக்குப் பலன் எங்கள் வீட்டு நாய் டாமியின் மேல் வந்து விழுந்தது. கூடங்குளத்திலிருந்து வந்த மைத்துனர் கோழிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, மிச்சமிருந்த கால் எலும்புகளைப் பாசத்தோடு டாமிக்கு ஊட்டிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று ரசித்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் சுவரில் படித்த முழு வில்லங்கம் ஞாபகம் வந்தது. ஓடினேன்.

கையோடு கூட்டிவந்த அண்ணாச்சி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைப்போமா?" என்று என் மனைவி கேட்டதும் கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம்மா. வெளிய வரும்போது தொண்டையக் கிழிச்சிரும். ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். வயிற்றில் துண்டு துண்டாகத் தெரிந்தது. "ரெண்டு மூணு நாள் பாப்போம். வாந்தியோ ரத்தமோ தெரிஞ்சா உடனே தூக்கிட்டு வாங்க, திறந்துரலாம்" என்றார்.

எனக்கு அலுவலகத்தில் தணிக்கை, விடுப்பு இல்லை. அண்ணாச்சி தன் வேலையை மூட்டை கட்டிவிட்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார். காலையில் குளித்து, தேவாரம் பாடி, திருநீறு பூசி, டாமி எப்போது பின்னங்காலை மடக்கும் என்று கையில் குச்சியோடு அதன் பின்னாலேயே அலைந்தார். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் தணிக்கைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போன் வந்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"வே, விழுந்துட்டு. எல்லாம் பொடியா வந்துட்டு. குச்சியால பையப் பைய கிண்டிப் பாத்துட்டேன், ரத்தம் இல்ல. நீரு நிம்மதியா வேலையப் பாரும்."

மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை. சாயங்காலம் டாக்டரும் இன்னொரு படம் எடுத்துப் பார்த்து, பயமில்லை என்றார்.

வீடு திரும்பியதும் அண்ணாச்சியிடம் கேட்டேன். "குளிச்சு முழுகி உக்காருத மனுசன் நீங்க. எனக்காக இந்த அசிங்கத்தையெல்லாம் ஏன் அண்ணாச்சி பாத்தீங்க?"

அவர் டாமியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார். "உமக்காக இல்ல வே. வைரவன் வயித்தத் திறக்கும்போது நான் ஒத்தையில நின்னேன். சைவக்காரன் நாய்க்கு எலும்பு போட்டான்னு எங்க ஆளுக எவனும் எட்டிப் பாக்கல. அவ்வளவு நேரமும் பக்கத்துல நிக்க ஓராள் இல்ல. அது பொல்லாத நேரம் வே."

போன ஆவணியில் வைரவன் போய்ச் சேர்ந்தது. பதினான்கு வயது, எலும்பும் காரணமில்லை, கத்தியும் காரணமில்லை, முதுமைதான். தகவல் கேட்டதும், அண்ணாச்சி பக்கத்தில் நிற்க நான் ஒருவனாவது இருக்கட்டும் என்று ஓடினேன். கறிக்கடை பாயிலிருந்து நாய் வளர்க்கிற தெருக்காரர்கள் வரை எல்லோரும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். கொல்லைப்புறத்தில் எனக்கு நிற்க இடமில்லை.