படப்பைச் சீர்ப் புடவையை எரித்துப் பார்த்த விவரம்

இரும்புலியூர்,
20.11.2006

படப்பை மச்சான் குமரேசன் அவர்களுக்கு, ஜெயவேலு வணங்கி எழுதுவது. இங்கே என் மூக்கைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமா?

இரண்டு வருஷமாகப் பேசாதவன் லெட்டர் போடுகிறானே என்று கிழித்துவிடாதீர்கள். ஜெயஸ்ரீக்குத் தை மாசம் கல்யாணம். ஆனால் உங்க தங்கச்சி கிளியம்மாள், "எங்க அண்ணன் வந்து நிக்காம நான் மண்டபத்துல காலே வெக்க மாட்டேன்" என்று ஒரே பிடியாக இருக்கிறாள். தாய்மாமன் இல்லாமல் மேடைதான் நிறையுமா? கிரகப்பிரவேசத்தில் நீங்க தட்டில் வைத்துக் கொடுத்த புடவையைத் தொட்டுப் பார்த்து, இது பட்டில்லை, பாலிஸ்டர் என்று அத்தனை பேர் முன்னாடி நான் சொன்னதும், நீங்க கை நனைக்காமல் கிளம்பிப் போனதும் எனக்கு மறக்கவில்லை.

இப்போ கேளுங்க அதிசயத்தை. ஜெயஸ்ரீ காலேஜில் துணிகளைப் பற்றிப் படிக்கிறாளா, பரீட்சைக்காக மெழுகுவத்தி ஏற்றி, துண்டுத் துணியில் நூல் பிரித்து எரித்துக் காட்டினாள். பருத்தி, காகிதம் எரிகிற மாதிரி வாசனை விட்டு, தொட்டாலே உதிர்கிற சாம்பலாகிவிட்டது. பாலிஸ்டரோ நெருப்பைக் கண்டதும் சுருண்டு, உருகி, கடுகு மாதிரி கெட்டியாக நின்றது. "பட்டும் கம்பளியும்னா முடி பொசுங்குற நாத்தம் வரும்பா" என்றாள். அசந்துட்டேன் மச்சான். நெருப்பைப் பார்த்ததும் நூலு உண்மையைக் கக்கிடுது! அவள் காலேஜுக்குப் போனதும் நான் அந்தப் புடவையின் குஞ்சத்தில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்தேன். ஜி.எஸ்.டி. ரோடு தூசியில் என் மூக்கு பாதிதான் வேலை செய்யும் என்பதால் நன்றாகக் குனிந்து மோந்தேன். முடி நாத்தம் குப்பென்று வந்தது. பட்டேதான்! முகமெல்லாம் சுட்டது, உங்களைப் பேசின வெட்கம் என்று நினைத்தேன். சாம்பலையும் நசுக்கிப் பார்க்கணுமாம், அதுக்கெல்லாம் யாருக்குப் பொறுமை? அப்புறம் என் லுங்கியை எரித்தேன், அதுவும் பட்டு. கால்மிதி சுத்தமான கம்பளி. எல்லாம் உங்க படப்பையில் வாங்கினது, இன்னா ஊரு மச்சான் அது! இத்தனை நாள் கம்பளியிலா கால் துடைத்தோம் என்று உடம்பு சிலிர்த்துப்போய், கால்மிதியைத் தண்ணி படாமல் நிழலில் மாட்டிவைத்திருக்கிறேன்.

ஆகவே நான் சொன்னது தப்பு. நீங்க முன்னால் நின்று நடத்திக்கொடுக்கணும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
ஜெயவேலு

பி.கு.: கவரை ஒட்டும்போது ஜெயஸ்ரீ வந்தாள். "அப்பா, இடது பக்கம் மீசை எங்க?" என்றாள். கண்ணாடியைப் பார்த்தேன். பாதியைக் காணோம். காலையில் மோந்ததெல்லாம் என் மீசையைத்தான் மச்சான். அவள் மறுபடி எரித்துப் பார்த்ததில் லுங்கி பாலிஸ்டர், கால்மிதி தேங்காய் நார். அடுத்து புடவையில் கை வைத்தாள். கிளியம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் மெழுகுவத்தியை ஊதி அணைத்து, "போதும்மா, அது பட்டுதான்" என்றேன். மீதி மீசையையும் எடுத்துவிட்டேன். மண்டபத்தில் யாராவது கேட்டால், வேண்டுதல் என்று நீங்களும் சொல்லிவிடுங்கள்.