வெஜிமைட் என்ற சர்ப்பம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்னியின் பிளாக்டவுனில் கார் நிறுத்த இடம் தேடுகிறீர்களா? ஆசையை விட்டுவிடுங்கள். கவுன்சில் மண்டபத்தில் பாஸ்டர் எலியா நவநீதன் பாம்பு பிடிக்கிறார். லிவர்பூலிலிருந்து வருகிறார்கள், பென்ரித்திலிருந்து வருகிறார்கள், ஹரிஸ் பார்க்கில் இனிப்பு வாங்கப் போனவர்கள் ஜிலேபிப் பெட்டியும் கையுமாக வந்து நிற்கிறார்கள். கத்தோலிக்கர் தங்கள் பூசையை முடித்துவிட்டு வருகிறார்கள். சைவர்கள் திருநீற்றைக் காருக்குள்ளேயே துடைத்துவிட்டு வருகிறார்கள். எந்தச் சங்கத்தாலும் ஒன்றுசேர்க்க முடியாத சிட்னித் தமிழர்களை ஒரு பாம்பு ஒன்றுசேர்த்துவிட்டது.

பாஸ்டர் முன்பு வீடு வீடாக ஏறிச் சோலார் பேனல் விற்றவர். அந்தத் தொழிலில் கடைசியில் மின்சாரம் வந்தே ஆக வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. விசுவாசிகள் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்று வேதத்தில் எழுதியிருக்கிறது. மற்றச் சபைகள் அதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயின. இவர் அந்த வரியிலேயே கூடாரம் போட்டுக் குடியேறிவிட்டார்.

சனிக்கிழமை விடியலில் புளூ மவுண்டன்ஸ் காட்டுக்குள் போய் முழங்காலில் நிற்பாராம். பாம்பொன்று தானாக ஊர்ந்து வந்து அவருடைய பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளுமாம். ஆராதனை முடிந்ததும் காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாராம். வாராவாரம் புதுப் பாம்பு. ஆஸ்திரேலியப் பாம்பு கடித்தால் ‘ஐயோ’ சொல்லி முடிப்பதற்குள் ஆள் போய்விடும் என்பது நம்மவர்களின் ஆழ்ந்த ஞானம். வாட்ஸ்அப்பில் வந்தது, பொய்யாக இருக்குமா?

அந்த ஞாயிறும் பெட்டி திறந்தது. மணல் நிற உடம்பு, குறுக்கே பட்டை பட்டையாக வரிகள், தலையும் கழுத்தும் மட்டும் பளபளவென்று கறுப்பு. பாஸ்டர் அதைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இதின்ரை ஒரு துளி விஷம் இந்த ஹோலிலை இருக்கிற எல்லாருக்கும் காணும். கழுத்துக்குப் பின்னாலை இந்த வெள்ளைத் தழும்பைப் பாருங்கோ. சாத்தான் கடிச்ச அடையாளம்.”

கூட்டம் அல்லேலூயா என்றது. வரிசையில் நின்று வாலைத் தொட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்து வங்கியொன்றில் டேட்டா அனலிஸ்டாக இருக்கும் லக்ஷ்மிப்ரியா, பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட விசாவுக்காகத் தொட்டாள்.

“பாயிண்ட்ஸ் பத்தலைங்க. இங்கிலீஷ் டெஸ்ட் மறுபடி எழுதினா கிடைச்சிரும். ஆனா இது சுலபமா இருக்குதுங்க” என்று பக்கத்தில் நின்ற யோகாவிடம் சொன்னாள்.

மேடையில் ஒரு பெரிய கண்ணாடிச் சாடி இருந்தது. பாம்பைத் தொட்டுக் குணமானவர்கள் தங்கள் மாத்திரைகளை அதற்குள் கொட்ட வேண்டும். சர்க்கரைக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்கு என்று பல நிறங்களில் நிரம்பி, பார்க்க மிட்டாய்க்கடைச் சாடி மாதிரி இருந்தது. யோகா அந்தச் சாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்றால் அடுத்த ஞாயிறு அதற்குள் கொட்டப் போகிறவர் அவளுடைய கணவன் அருந்தவன்.

மாசி மாதத்தில்தான் அவருக்கு மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஒரு வருடத்துக்குத் தினமும் மாத்திரை, ஒரு நாளும் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாஸ்டர் வேறு மாதிரிச் சொன்னார். வருகிற ஞாயிறு அருந்தவனுக்குப் பிறந்தநாள். அன்று பாம்பைக் கழுத்தில் போட்டால் இதயம் புதிதாகிவிடும், மாத்திரையைச் சாடியில் போடு.

வீடு திரும்பும்போது காருக்குள் யோகா வாயைத் திறந்தாள்.

“ஒரு நாள் விட்டாலும் குழாய் அடைக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். காதிலை விழேல்லையோ?”

“டொக்டர் மனுசன்தானே. உமக்கு விசுவாசம் காணாது, யோகா.”

“பாலத்திலை ஒரு போல்ட்டை ரெண்டு தரம் முறுக்கிப் பாக்காமல் கையெழுத்துப் போடமாட்டியள். பாம்பை மட்டும் ஒருக்காலும் செக் பண்ணமாட்டியளோ?”

“பாம்பை என்னெண்டு செக் பண்ணுறது? கடிக்க விட்டோ?”

அருந்தவன் பாலங்கள் கட்டுகிற எஞ்சினியர். படித்தவர், கெட்டிக்காரர். ஆனால் ஒருமுறை செத்துப் பிழைத்த பயம் மனிதனை எந்த வாசலிலும் கொண்டுபோய் நிறுத்திவிடும். யோகாவுக்கும் பயம்தான். ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். இன்னொரு தடவை அப்படி உட்கார அவளால் முடியாது.

செவ்வாய்க்கிழமை மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ பிறந்தநாள் படங்கள் போட்டார்கள். கேக், பலூன், துள்ளி விளையாடும் காற்றுக் கோட்டை. அடுத்த படத்தில் முன்பல் விழுந்த பையன் ஒருவன் கழுத்தில் பாம்பைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். மணல் நிற உடம்பு, கறுப்புத் தலை, கழுத்துக்குப் பின்னால் வெள்ளைத் தழும்பு. போன ஞாயிறு வந்த ‘புதுப் பாம்பு’க்கும் அதற்கு முந்தைய ஞாயிறு வந்த ‘புதுப் பாம்பு’க்கும் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது யோகாவுக்கு ஞாபகம் வந்தது. சாத்தானுக்குக் கடிக்க வேறு இடமே கிடைக்கவில்லை போலும்.

அருந்தவனிடம் படத்தைக் காட்டினாள். எஞ்சினியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எல்லாப் பாம்பும் ஒரே மாதிரித்தான் இருக்கும்” என்றார்.

மறுநாள் யோகா, படத்திலிருந்த விளம்பரப் பலகையின் நம்பருக்குப் போன் எடுத்தாள். குழந்தைகளின் விருந்துகளுக்குப் பாம்பும் பல்லியும் கொண்டுவந்து காட்டும் தொழில் நடத்தும் பெண் பேசினாள், பெயர் ஜோடி. பாம்பின் பெயர் வெஜிமைட். ரொட்டியில் பூசுகிற கறுப்புப் பசைக்குள் தலையை முக்கி எடுத்தது போலிருப்பதால் அந்தப் பெயர். விஷமே இல்லாத மலைப்பாம்பு வகை.

“ஞாயிறு காலையா? வழக்கமாக ஒரு சர்ச்காரர் வியாழக்கிழமை போன் செய்து பதிவு செய்வார். இன்னும் செய்யவில்லை. முதலில் கேட்பவர்களுக்குத்தான்” என்றாள் ஜோடி.

இன்றைக்குப் புதன்கிழமை என்றாள் யோகா.

அன்று சாப்பாட்டு மேசையில் கணவனிடம் கேட்டாள்.

“இந்த ஞாயிறும் ஜெபத்துக்குப் பாம்பு வந்தால், உங்கடை குளிசையை நானே சாடிக்குள்ளை போடுறன். வராட்டி?”

“வராமல் விடாது.”

“வராட்டி எண்டு கேட்டனான்.”

“வராட்டிப் போடேல்லை. சரியோ?”

ஞாயிறு பாஸ்டர் பிந்தித்தான் வந்தார். கையில் பெட்டி இல்லை. முகத்தில் கோபம் இருந்தது. கோபம் பரிசுத்தமாகத் தெரிவதற்காக மேலே கொஞ்சம் கண்ணீரும் சேர்த்திருந்தார்.

“நேற்று முழுக்கக் காட்டிலை கிடந்தனான். சர்ப்பம் வரேல்லை. ஏன் தெரியுமோ? இந்தச் சபைக்குள்ளை ஒரு அவிசுவாசி இருக்கிறார்.”

உடனே ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பாஸ்டரைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“பாம்பு வராட்டியும் வல்லமை வரும். சகோதரன் அருந்தவன், குளிசையோடை மேலை வாங்கோ.”

அருந்தவன் எழுந்தார். யோகா அவருடைய சட்டைக்கையைப் பிடித்தாள்.

“வராட்டிப் போடேல்லை எண்டு சொன்னனீங்கள்.”

“பாஸ்டர் கூப்பிடுறார், யோகா. எல்லாரும் பாக்கினம்.”

கையை உருவிக்கொண்டு போனார். மாத்திரைப் பெட்டியைக் கிழித்து எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டிச் சாடிக்கு மேலே நீட்டினார்.

அப்போது மண்டபக் கதவு திறந்தது. காக்கி அரைக்காற்சட்டையும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பெட்டியோடு வந்தாள்.

“இங்கே அருண் யார்? பிறந்தநாள் வாழ்த்துகள்” என்றாள் ஆங்கிலத்தில். பிறகு மேடையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். “ஹாய் நவ், நீங்களும் பார்ட்டிக்கு வந்திருக்கிறீர்களா? வியாழக்கிழமை ஏமாற்றியதற்கு மன்னிக்க வேண்டும். நீலநாக்குப் பல்லி தருகிறேன் என்றேன், நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்.”

எல்லாத் தலைகளும் பாஸ்டர் பக்கம் திரும்பின. யோகா எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

“ஜோடி, இந்தப் பாம்பை எந்தக் காட்டில் பிடித்தீர்கள்?”

“காடா? இது என் கராஜில் முட்டையிலிருந்து வந்தது. மழை பெய்தால்கூடப் பயப்படும்.”

“போன ஞாயிறு இங்கே கொண்டுவந்தது யார்?”

“நான்தான். வாராவாரம் பின்கதவால் வந்து கிச்சனில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் மொழியில் பிள்ளைகளுக்கு ஆதாம் ஏவாள் கதை நடக்கிறது என்று நவ் சொல்லியிருந்தார். சத்தம் அதிகமாகத்தான் கேட்கும். பிறந்தநாள் பார்ட்டியிலும் அப்படித்தானே கத்துவார்கள்?”

பாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நம்பாதேங்கோ. இது வேற பாம்பு.”

“ஓம் பாஸ்டர்” என்றாள் யோகா. “சாத்தான் இதையும் அதே இடத்திலைதான் கடிச்சிருக்கிறான்.”

அதற்குள் பிள்ளைகள் ஓடிப்போய் ஜோடியைச் சூழ்ந்துகொண்டார்கள். உயிர்குடிக்கும் சர்ப்பம் மழலைகளின் கழுத்தில் மாறி மாறித் தொங்கியது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பாஸ்டர் கிச்சன் பக்கமாகப் போனார். பின்கதவு அவருக்கு நன்றாகப் பழக்கமானது.

“ஆண்டவரே இந்தப் பொண்ணு மூலமா அனுப்பியிருக்கலாம் இல்லையா?” என்று பின்வரிசையில் ஒருவர் இன்னமும் ஆராய்ந்துகொண்டிருந்தார். லக்ஷ்மிப்ரியா தலையைக் குனிந்து, போனில் இங்கிலீஷ் டெஸ்ட் எப்போது என்று தேடினாள். வேறு சிலர் சாடியைக் கவிழ்த்துத் தங்கள் மாத்திரைகளைப் பொறுக்கப் பார்த்தார்கள். எது யாருடையது என்று சாடிக்கா தெரியும்? அதை அப்படியே விட்டுவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லி யோகா அவர்களை விரட்டினாள்.

அருந்தவன் மூடிய கையோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். உள்ளங்கையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, பிள்ளைகளுக்கென்று ஊற்றி வைத்திருந்த தோடம்பழச் சாற்றோடு விழுங்கினார்.

“போல்ட்டை முறுக்கிப் பாத்திருக்கலாம்” என்றார்.

“பாத்தாச்சு” என்றாள் யோகா. அவளுக்குக் கோபத்தோடு அழுகையும் வந்தது.

பாம்பைத் தொட்டவர்கள் எல்லோரும் கையைக் கழுவ வேண்டும் என்று ஜோடி புறப்படும்போது சொன்னாள். சபை முழுவதும் வரிசையாக நின்று ஒழுங்காகக் கழுவியது. யார் சொன்னாலும் கேட்கிற நல்ல சபை. ஒன்று மட்டும் கேளுங்கள், மக்களே. பாம்பை வாடகைக்கு எடுத்தவன் நேரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மூளையை வாடகைக்கு விட்டவன்தான் அதைத் திரும்ப வாங்க மறந்துவிடுகிறான்.