தருமபுரி, ஒலி எழுப்பவும்

கால்பந்தைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் அதியமான்கோட்டை எடைமேடையாரை ஒரே ஒரு முறை முன்கூட்டிப் பார்த்திருந்தால், பந்தைக் கீழே வைத்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள். சென்னையில் பதினொரு பேர் ஓடுவதற்கு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து என் உயிரை வாங்கிய மனிதர் அவர்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹைவே ஓரம் லாரிகளை எடை போடும் மேடையைப் பார்த்துக்கொண்டதால் எடைமேடையார். பக்கத்துக் கடையில் நான் லாரிகளுக்கு இன்சூரன்ஸ், எஃப்.சி. பேப்பர் வேலைகளைப் பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருந்தது. மழையையும் வெயிலையும் தாங்கிய அந்தத் தகரம், அவர் பேச்சைத் தடுத்ததாக எனக்கு நினைவில்லை.

லாரியை எடை போட எவ்வளவு நேரமாகும்? வண்டி ஏறும், கம்ப்யூட்டரில் எண் விழும், சீட்டு வரும், வண்டி இறங்கும். நம் ஆளிடம் அது நடக்காது. டிரைவரிடம் எந்த ஊர் என்று கேட்பார். அந்த ஊருக்கு எந்த டீம் என்று கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால்தான் சீட்டு. பின்னால் பாலக்கோட்டுத் தக்காளி லாரி நின்று நன்றாகப் பழுத்துக்கொண்டிருக்கும்.

"சீட்டக் குடுங்கண்ணா, மார்க்கெட்டுக்கு நேரமாவுது."

"குடுக்கறனுங்க. நேத்து அந்தப் பெனால்ட்டி நியாயந்தானுங்களா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

லாரி டிரைவருக்குப் பெனால்ட்டி என்றால் ஓவர்லோடு அபராதம். அவர் முகம் வெளுத்து, "யாருக்குங்கண்ணா போட்டாங்க? எந்த செக்போஸ்ட்ல?" என்பார். இவர் கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தார் என்று நின்று காட்டுவார். அந்த டிரைவர் கடைசியில் என் கடைக்கு வந்து, இன்சூரன்ஸில் பெனால்ட்டி கிளெய்ம் பண்ண முடியுமா என்று கேட்பார். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு நான் இதை விளக்க வேண்டியிருந்தது.

கேரளா லாரி வந்தால் அன்றைய வியாபாரமே போச்சு. ஒருமுறை ஒரு மலையாள டிரைவர் இவரிடம் எந்த டீம் என்று திருப்பிக் கேட்டார். "சென்னைங்க" என்றார் இவர் நெஞ்சை நிமிர்த்தி. டிரைவர் வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்தார். "சென்னை எவிடெ, தர்மபுரி எவிடெ!" என்று சிரித்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க எடைமேடையார் யாரிடமும் பேசவில்லை. எனக்கு அது ஒரு நல்ல நாளாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வேலை ஓடவில்லை.

உண்மையில் அவருக்கு அங்கேதான் வலி. எங்கள் ஊருக்குப் பெங்களூர் பக்கம், சென்னை தூரம். அவர் வூட்டில் பேசுவது கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். பெங்களூரில் மேஸ்திரி வேலை பார்த்த மச்சானைக் கூட்டிக்கொண்டு முதலில் பெங்களூர் டீமுக்குத்தான் கைதட்டப் போயிருக்கிறார்.

"அங்க எல்லாரும் இங்கிலீசும் இந்தியும் பேசறாங்க சார். அந்த ஸ்டேடியத்துல கன்னடம் பேசினது நானும் சமோசா விக்கறவருந்தானுங்க. அவரும் மூணாவது சமோசாவுக்கு மேல பேசல."

மனம் வெறுத்துச் சென்னை டீமுக்கு மாறினார். மாறினாரே தவிர, டீமைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அவங்க ஜெயிச்சாங்க", "அவங்க தோத்தாங்க" என்றுதான் சொல்வார். "அதென்ன அவங்க? உங்க டீம்தானேண்ணா?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"அவங்க நம்மள சேத்துக்காம, நாமளாப் போயி 'ஜெயிச்சோம்'னு எப்புடிங்க சார் சொல்றது? கூப்புடாத கல்யாணத்துல பந்தியில உக்காந்த மாதிரி இருக்குங்களே."

இதுகூடப் பரவாயில்லை. இதைவிடப் பெரிய சோதனை, அவர் டீக்கடை டிவியில் மேட்ச் பார்ப்பது. எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டியைக்கூட "தள்ளிப் போங்க" என்று சொல்கிற ஆட்கள் உண்டு. இவர் அந்தப் பரம்பரை. விளையாடுகிறவருக்கு, ரெஃப்ரீக்கு, எதிர் டீமுக்கு, எல்லாருக்கும் 'ங்க' போடுவார்.

"பாஸ் குடுங்க! அந்தண்ட பாருங்க, பெரியவரு தனியா ஓடியாறாரு! ஏங்க, அவரு வெளிநாட்டுலருந்து வந்த விருந்தாளிங்க, அவரப் போயி இடிக்கலாமுங்களா? ரெஃப்ரீ சாமி, கண்ணு கொஞ்சம் மங்கலுங்களா?"

திட்டுகிறாரா, விசாரிக்கிறாரா என்று டீக்கடைக்காரருக்கே தெரியாது. கோல் விழுந்தால் மட்டும் எழுந்து நின்று, கோல் போட்டவரை "நல்லாருங்க" என்று வாழ்த்திவிட்டு உட்காருவார்.

இந்த மனிதருக்கு ஓர் ஆசை வந்தது. சென்னை ஸ்டேடியத்தில் ரசிகர்கள் நிற்கிற பக்கம் கம்பி வேலியில் வரிசையாக ஊர்ப் பெயர் எழுதிய பேனர்கள் தொங்குவதை டிவியில் பார்த்திருக்கிறார். அங்கே தருமபுரி என்று ஒன்று தொங்க வேண்டும். அவ்வளவுதான். "ஒரு ஓரமாத் தொங்கினாப் போதுமுங்க சார்" என்று ஒரு மாதம் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். சென்னையில் படித்தவன், அந்த ஊர்ப் பாஷை தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக நானும் கூட வர வேண்டுமாம். பேச்சு நின்றால் போதும் என்று தலையாட்டித் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

பேனருக்குத் துணி வாங்கவில்லை. ஒரு டிரைவர் கழித்துப் போட்ட லாரித் தார்ப்பாயை வெட்டி, லாரிக்கு எழுதும் பெயின்டரிடமே கொடுத்தார். பெயின்டர் மஞ்சளில், பெரிய எழுத்தில், 'தருமபுரி' என்று அழகாக எழுதினார். பாதியில் டீ குடிக்கப் போய்விட்டு வந்தவர், முப்பது வருடப் பழக்கத்தில், கை தானாகப் போய் அடியில் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதி, இரண்டு பக்கமும் தாமரைப் பூ போட்டு முடித்துவிட்டார்.

"என்னங்க இது?" என்றார் எடைமேடையார்.

"பின்னாடி வர்றவங்களுக்குத் தெரிய வேணாமுங்களா?" என்றார் பெயின்டர்.

அழிக்க நேரமில்லை. பெயின்ட் காய்ந்ததும் தார்ப்பாயின் எடை தெரிய வேண்டும் என்று எடைமேடையார் ஒற்றைக் காலில் நின்றார். பத்துக் கிலோவுக்குக் கீழே அந்த மேடை காட்டாது. அதனால் என்னைத் தார்ப்பாயோடு நடு மேடையில் நிறுத்தி ஒரு எடை, பிறகு என்னை மட்டும் நிறுத்தி ஒரு எடை. ஹைவேயில் போன பஸ் முழுக்க என்னை வேடிக்கை பார்த்தது. வந்த சீட்டில் என் எடைக்கு நேரே 'காலி வண்டி' என்று அச்சாகியிருந்தது.

மொரப்பூரில் காலை ரயிலைப் பிடித்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேட்ச். எதிர் டீம் பெங்களூர் என்பதை அவர் ரயில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

ஸ்டேடியத்தில் வேலி ஓரம் நின்று ட்ரம் அடித்துக்கொண்டிருந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. அந்தப் பக்கம் முழுக்க அவர் கையசைப்பில்தான் எழுந்து உட்கார்ந்தது. எல்லாரும் அக்கா என்றார்கள். வேலியில் வியாசர்பாடி, ராயபுரம், தாம்பரம் என்று இடைவெளி இல்லாமல் பேனர்கள். எடைமேடையார் தார்ப்பாயைத் தோளில் சுமந்தபடி போய், "ஒரு ஓரமாக் கட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"எந்த ஊரு?"

"தருமபுரிங்க."

"தர்மபுரியா? அது பெங்களூர் பக்கமாச்சேண்ணா. உங்க சைடு அந்தாண்ட" என்று அக்கா ட்ரம் குச்சியால் வேலிக்கு அப்பால் காட்டிவிட்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதனால் எங்களுக்குச் சண்டை போடவும் முடியவில்லை.

மேலே கடைசி வரிசையில், பெங்களூர் ரசிகர்களைப் பிரிக்கிற கம்பிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தார்ப்பாயை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்தார். முதல் பாதி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பந்து எங்கள் கோலுக்குள் ஒருமுறை போனது, அப்போதும் பேசவில்லை. எத்தனை நாள் இந்த வாய் மூடாதா என்று ஏங்கியிருப்பேன்! இப்போது மூடிக்கொண்டதும் எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அந்த அக்கா மேலும் ஆத்திரம் வந்தது. எங்கள் மாவட்டத்தை இந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தவர் யாராக இருந்தாலும் அவர் மேலும் வந்தது.

"அப்ப நம்ம சைடு எதுங்க சார்?" என்றார் இடைவேளையில், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே. நான் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது பாதியில் சென்னை ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு தனியாகக் கோலை நோக்கி ஓடினார். எடைமேடையாருக்கு எல்லாம் மறந்துபோனது. எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

"அடிங்க! அடிங்க! விடாதீங்க, அடிங்க!"

பந்து வெளியே போனது. போலீஸ்காரர் உள்ளே வந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மரியாதையால் கெட்ட நுணல் இது ஒன்றுதான்.

"யாரைய்யா அடிக்கச் சொல்ற? பக்கத்துல பெங்களூர்க்காரங்க குடும்பத்தோட உக்காந்திருக்காங்க. கலாட்டா பண்ணவே வந்தியா?"

"ஐயோ, மனுசங்கள இல்லீங்க சார். பந்தத்தானுங்க."

"பந்துன்னா 'அடி'ன்னு கத்து. எல்லாரும் அப்படித்தானே கத்துறாங்க? 'அடிங்க'ன்னா நாலு பேரத் தூண்டி விடறதுல்ல?"

"அதெப்புடிங்க சார்? அவரு யாரோ எவரோ. பேசிப் பழகினதில்ல. அறியாத மனுசரப் பாத்து 'அடி'ன்னு எப்புடிங்க வாய் வரும்?"

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "நீ யாரு?"

"லாரி இன்சூரன்ஸ்" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் அதுதான் வந்தது.

"அது என்ன மூட்டை? பிரி."

பிரித்தோம். கடைசி வரிசையில் நாலைந்து இருக்கை நீளத்துக்குத் தார்ப்பாய் விரிந்தது. போலீஸ்காரர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "தருமபுரி. ஒலி எழுப்பவும்." மறுபடியும் ஒருமுறை படித்தார்.

"பெயின்டரு பழக்க தோசமுங்க" என்றார் எடைமேடையார், அழாத குறையாக.

கூட்டமே திரும்பிப் பார்த்தது. அக்கா ட்ரம்மைக் கழுத்தில் போட்டபடியே படியேறி வந்தார். நடந்ததைக் கேட்டவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடைமேடையாரைக் கேட்டார்.

"எந்த ஊர்லண்ணா பிளேயருக்கு ங்க போட்டுக் கத்துவாங்க?"

"தருமபுரியிலங்க."

"சார், விட்ருங்க சார்" என்றார் அக்கா போலீஸ்காரரிடம். "இவரு நம்மாளு."

தாம்பரத்தையும் ராயபுரத்தையும் ஆளுக்கு இரண்டு முழம் தள்ளிக் கட்டச் சொன்னார். நடுவில் தார்ப்பாய் ஏறியது. அக்கா கூட்டத்தைப் பார்த்துக் குச்சியைத் தூக்கினார். "பாஸ்" என்று அவர் கத்த, ஆயிரம் பேர் "குடுங்க" என்றார்கள். "கோலு" என்றதும் "போடுங்க" என்றார்கள். நான் பார்த்தவரை மைதானத்தில் ஓடியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். தார்ப்பாய் சொன்னபடி ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் பெங்களூர் டீம் பனியன் போட்ட ஒருவர் எழுந்து, "அண்ணா, நாங்களும் தருமபுரிப் பக்கந்தான், பாலக்கோடுங்க!" என்று கையாட்டினார். எடைமேடையார் அந்தப் பரபரப்பிலும், "வாங்க வாங்க, வூட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று சென்னை இரண்டு கோலில் தோற்றது. கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கலைந்தது. எடைமேடையார் தார்ப்பாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் பூரித்துப்போயிருந்தது.

"தோத்துட்டமுங்க சார்" என்றார்.

ரயிலில் அதையே ஏழெட்டு முறை சொன்னார். எதிர் சீட்டில் இருந்த அம்மா, ஏதோ துக்க வீட்டுக்குப் போய் வருகிறோம் என்று நினைத்து முறுக்கு கொடுத்தார்.

இப்போது அவர் ஓசூரில் மகள் வூட்டுப் பக்கம் வேறொரு எடை மேடைக்குப் போய்விட்டார். இங்கே புது ஆள். லாரி ஏறினால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. தகரத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை, என் வேலையும் தடையில்லாமல் நடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மறுநாள் காலையில் அவர் போன் பண்ணுவார். "உங்க டீமு என்னாச்சு?" என்று வேண்டுமென்றே கேட்டு அவர் வாயைக் கிளறுவேன். போன வாரம் எனக்கே என்ன ஆனதென்று தெரியவில்லை. டீக்கடையில் போய் உட்கார்ந்து முழு மேட்ச்சையும் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

"என்ன சார், மேட்ச்சு எதாச்சும் கேள்விப்பட்டீங்களா?" என்றார் போனில்.

"தோத்துட்டமுங்கண்ணா" என்றேன்.